புக்கானன் நாட்குறிப்பில் பாலாற்றுப் பள்ளத்தாக்கு

1. முன்னுரை

கம்பெனியார் ஆட்சிக்கால வாழ்வை அறிதற்குரிய சான்றுகள் பல. கல்வெட்டுகள் அருகிவிட்ட அக்காலத்திற்கு ஆவணங்கள், கடிதங்கள், நிலவரிக் கணக்குகள், நாட்குறிப்புகள் ஆகியவை பெருந்துணை புரிகின்றன. இவற்றுள் நாட்குறிப்புக்குத் தனியொரு மதிப்பு உண்டு. கணக்கு நூல் நாட்டின் வருவாயைக் காட்டும். நாட்குறிப்போ நாட்டினைக் கண்ட கண்ணையும் உடன் காட்டும். அதனால், நாட்குறிப்பைப் பயன்கொள்வோர்க்கு இரட்டைக் கடமை உண்டாகிறது. குறிக்கப்பட்ட செய்தி யாது என்று அறிதல் ஒன்று. குறித்தவர் யார், எதற்காகக் குறித்தார், எதனைக் குறியாது விட்டார் என்று ஆராய்தல் மற்றொன்று. முன்னதை எளிதிற் செய்கிறோம். பின்னதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் ஊர்களைக் கொண்ட பாலாற்றுப் பள்ளத்தாக்கு இன்று தோல்தொழிலால் உலகெங்கும் அறியப்படுவது. இப்பகுதியின் விளிம்பினூடே 1800ஆம் ஆண்டுக் கோடையிற் சென்றவர் பிரான்சிசு புக்கானன் என்னும் மருத்துவர். அவருடைய நாட்குறிப்பு இப்பள்ளத்தாக்கைப் பற்றி யாது கூறுகிறது, யாது கூறவில்லை, கூறாமையிலிருந்து நாம் எதனை முடிவு செய்யலாம், எதனை முடிவு செய்தலாகாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஆசிரியரும் நூலும்

புக்கானன் 1762இல் இசுக்காத்துலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பிரிவில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1795இல் ஆவா நாட்டிற்குச் சென்ற தூதுக்குழுவிலும், 1798இல் சிட்டகாங்குப் பகுதி ஆய்விலும் பங்குகொண்டு, செடிகொடிகளையும் மக்களையும் ஒருங்கே நோக்கிக் குறிக்கும் பயிற்சி பெற்றார். 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அதன்பின் புதிதாகக் கைவந்த நாடுகளின் நிலையை நேரிற் கண்டு எழுதுமாறு தலைமை ஆளுநர் வெல்லெசுலி இவரைப் பணித்தார். 1800 ஏப்ரல் 23ஆம் நாள் சென்னையை விட்டுப் புறப்பட்ட புக்கானன், மைசூர், கன்னடக் கடற்கரை, மலையாளம் ஆகிய நாடுகளைச் சுற்றி 1801 சூலையில் சென்னைக்கு மீண்டார். அவர் எழுதிய குறிப்புகள் 1807இல் இலண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சேறின.

நூலின் முகப்பிலேயே அதன் நோக்கம் நீண்ட தொடராகப் பொறிக்கப்பட்டுள்ளது. வேளாண்மை, கைத்தொழில், வாணிகம் என்பன முதலில் நிற்கின்றன. சமயமும் பழக்கவழக்கமும் அடுத்து வருகின்றன. இயற்கை வரலாறும் தொல்பொருளும் இறுதியில் இடம்பெறுகின்றன. இவ்வரிசைமுறை தற்செயலாக அமைந்ததன்று. நிலம் யாது விளைக்கும், கை யாது செய்யும், சந்தை யாது கொள்ளும் என்று அறிய விரும்பிய ஓர் ஆட்சியின் வினாக்களே இந்நூலின் உறுப்புகளாயின. எனவே இதனை ஒரு வழிப்போக்கன் தன் மகிழ்ச்சிக்காக எழுதிய நாட்குறிப்பு என்று கொள்ளுதல் பொருந்தாது. விடை வேண்டி அனுப்பப்பட்ட ஒருவரின் நாட்குறிப்பு என்றே கொள்ளல் வேண்டும்.

தமிழ் மரபில் வழிப்பயணத்தைப் பாடும் இலக்கியமாக ஆற்றுப்படை விளங்குவதை நாம் அறிவோம். பரிசில் பெற்று மீள்வோன், எதிர்ப்பட்ட வறியவனுக்கு வழிகூறும் முறையில் அது அமைகிறது. எந்த நிலத்தில் எந்த மக்கள் எந்த உணவினை அளிப்பர் என்பதே ஆண்டுச் செய்தி. கச்சி நோக்கிய வழியைப் பெரும்பாணாற்றுப்படையும், செங்கத்து நன்னனை நாடிய வழியை மலைபடுகடாமும் கூறுகின்றன. அவ்வழிகள் புக்கானன் சென்ற நிலத்திற்குத் தொலைவானவை அல்ல. ஆனால் நோக்கம் முற்றிலும் வேறு. ஆற்றுப்படையில் நாடு, வருவோனுக்கு ஈவது. புக்கானன் குறிப்பில் நாடு, வருவோனால் அளக்கப்படுவது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே அவர் நூலைப் படித்தல் வேண்டும்.

3. கண்டவை

புக்கானன் சென்னையிலிருந்து காஞ்சி, ஆர்க்காடு, வேலூர், பள்ளிகொண்டா ஆகிய ஊர்களின் வழியே மேற்கு நோக்கிச் சென்றார். ஆம்பூருக்கு வடபாலுள்ள சாத்கர் வழியாகத் திரும்பி, நாய்க்கனேரிக் கணவாயில் ஏறி மைசூர் நாட்டை அடைந்தார். இவ்வழியிற் கண்டவற்றுள் அவர் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தவை நீர்நிலைகளே. சித்திரை வெயிலில் பயணஞ் செய்தவர்க்கு நீரே முதற்பொருளாகத் தோன்றியது இயல்பு.

காவேரிப்பாக்கத்து ஏரியைக் கண்டபோது அவர் எழுதிய பகுதி ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. அவ்வேரி ஏறத்தாழ 8 மைல் நீளமும் 3 மைல் அகலமும் உடையதென அவர் மதிப்பிடுகிறார். பொதுமக்கட்குரிய பணிகளுள் இதனைக்காட்டிலும் தமக்கு மகிழ்வளித்தது பிறிதில்லை என்னும் கருத்தினை மனமாரப் பதிவு செய்கிறார். பல்லவர் காலத்ததாகக் கருதப்படும் ஓர் ஏரி, ஆயிரம் ஆண்டுகட்குப் பின்னும் அயல்நாட்டார் ஒருவரிடமிருந்து இத்தகைய பாராட்டைப் பெற்றது. ஆனால் அப்பாராட்டின் வாலில் ஒரு வரையறையும் தொங்குகிறது. இம்மக்களின் ஒழுக்கநிலை இடங்கொடுக்கும் அளவுக்கான வாழ்க்கை நலத்தை இவ்வேரி அவர்கட்கு அளிக்கிறது என்பது அவர் கூற்றின் கருத்து. ஏரியை வெட்டியோரும் காத்தோரும் அம்மக்களே. ஏரியைப் போற்றிய வாய், அதே மூச்சில் அதனை ஆக்கியோரைக் குறைத்துப் பேசுகிறது. புக்கானனின் கண்ணுக்கும் கருத்துக்கும் இடையேயுள்ள தொலைவை இவ்வொரு தொடரே நன்கு புலப்படுத்தும். அவர் கண் நம்பத்தக்கது. கருத்து அத்துணை நம்பத்தக்கதன்று.

அடுத்தது பாலாறு. நந்தி மலைப்பகுதியில் தோன்றி வரும் இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாறாகவே காட்சி தருவது. மேலே நீரோட்டம் இல்லை. மணலின் அடியில் நீர் உண்டு. அம்மணலைத் தோண்டி நீண்ட கால்கள் வெட்டி, ஊறிவரும் நீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் முறை இப்பள்ளத்தாக்கில் வழிவழியாக வந்தது. இவற்றை ஊற்றுக்கால் என்பர். வறண்ட ஆற்றினின்று நீர்கொள்ளும் இம்முறையும் புக்கானன் குறிப்பில் இடம்பெறுகிறது. மழையில்லாக் கோடையிலும் பள்ளத்தாக்கு பசுமை இழவாதிருந்ததன் காரணத்தை இது விளக்குகிறது. அவர் மாரிக்காலத்தில் வந்திருப்பின் ஆற்றின் வெள்ளத்தை எழுதியிருப்பார். ஊற்றுக்காலின் அருமையை உணர்ந்திருக்கமாட்டார். கண்டவர் யார் என்பதோடு கண்ட காலம் எது என்பதும் நாட்குறிப்பின் மதிப்பை வரையறுக்கிறது.

4. காணாதவை: வேலூர்

வேலூரைப் பற்றிய அவர் குறிப்பு சுருக்கமானது. அவர் வந்தபோது திப்புவின் மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். அதே 1800ஆம் ஆண்டில், சென்னை ஆளுநரின் மனைவியாராகிய என்றியெட்டா கிளைவு அம்மையாரும் தம் பெண்மக்களோடு வேலூர் வழியே மைசூர் சென்றார். அவருடைய குறிப்புகளும் கடிதங்களும் 2009இல் நூலாக வெளிவந்துள்ளன. ஒரே ஆண்டில் ஒரே கோட்டையை இருவர் கண்டனர். ஒருவர் அரசின் ஏவலால் வந்தவர். மற்றவர் ஆள்வோரின் குடும்பத்தவர். கோட்டையின் உள்ளே நிகழ்ந்துகொண்டிருந்த மனப்புழுக்கத்தை அறியும் வாய்ப்பு இருவருக்கும் இல்லை.

1805இன் இறுதியில் சென்னைப் படையிற் புதிய தலைப்பாகை ஒன்று புகுத்தப்பட்டது. அதில் தோலாற் செய்த சின்னம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. நெற்றிக்குறியும் காதணியும் தாடியும் தொடர்பான கட்டுப்பாடுகளும் உடன் வந்தன. மறுத்த சிப்பாய்கள் கசையடி பெற்றனர். 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் புரட்சி வெடித்தது. அன்றே ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெசுபியின் படை அதனை அடக்கியது. திப்புவின் குடும்பத்தார் பின்னர்க் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

புக்கானன் வேலூரைக் கண்டது 1800இல். நூல் அச்சேறியது 1807இல். எழுதியபோது இல்லாத ஒரு பொருள், வாசகன் கையில் நூல் வந்தபோது அதன்மேல் ஏறிவிட்டது. இலண்டனில் அந்நூலைப் பிரித்தவர் வேலூர் என்ற பெயரைக் கண்டபோது குருதியை நினைந்திருப்பர். ஆயினும் நாள்வரிசை கெடாது அச்சிடப்பெற்றமையால், பின்னிகழ்ச்சியின் நிழல் படாத வேலூர் அதில் எஞ்சியிருக்கிறது. நாட்குறிப்பின் தனிச்சிறப்பு இதுவேயாகும். அது தன் நாளைக்கு அடுத்த நாளை அறியாது. பின்னர் நினைவிலிருந்து எழுதப்படும் வரலாற்றுக்கு இவ்வறியாமை வாய்ப்பதில்லை.

5. காணாதவை: தோல்தொழில்

இனி இக்கட்டுரையின் மையச் சிக்கலுக்கு வருவோம். வேலூர் வழியைக் கூறும் பக்கங்களில் தோல் பதனிடுதல் தனியொரு பொருளாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. இதனைக் கொண்டு, 1800இல் இப்பள்ளத்தாக்கில் தோல்வேலையே இல்லை என்றும், அது முழுவதும் பின்னாளில் வெளியிலிருந்து வந்தது என்றும் ஒருவர் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு பொருந்துமா?

பொருந்தாது என்பதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, புக்கானனின் பணியெல்லை. அவருக்கு இடப்பட்ட கட்டளை மைசூரையும், புதிதாகக் கம்பெனி பெற்ற நாடுகளையும் பற்றியது. ஆர்க்காடும் வேலூரும் அன்று நவாபின் ஆட்சிப்பகுதிகள். கருநாடகத்தின் ஆட்சியைக் கம்பெனி முழுதும் ஏற்றது 1801 சூலை 31ஆம் நாள் ஒப்பந்தத்தால். அஃதாவது, புக்கானன் பயணம் முடிந்த அதே திங்களின் இறுதியில். எனவே 1800இல் பாலாற்றுப் பள்ளத்தாக்கு அவருக்கு வழியேயன்றி ஆய்வுப்பொருள் அன்று. வழியிற் கண்டதைக் குறித்தார், நின்று கேட்கவில்லை.

இரண்டாவது, நின்று கேட்ட இடத்தில் அவர் எழுதியிருப்பது. பெங்களூரை அடைந்தபின் ஒவ்வொரு கைத்தொழிலாளரையும் அழைத்து வினவுகிறார். ஆண்டு மாதிகர் எனப்பட்ட தொழிலாளர் தோல் பதனிடும் முறையை அளவுகளோடு எழுதிக்கொள்கிறார். ஆட்டுத்தோலுக்கு எருக்கம்பாலும் உப்பும் கேழ்வரகுக் களியும் கலந்த பசை, அதன்பின் கடுக்காய்த்தூள். மாட்டுத்தோலுக்குச் சுண்ணாம்பு நீர், அதன்பின் ஆவாரை. எத்தனை சேர், எத்தனை நாள் என்பதும் விடுபடவில்லை. தோல்தொழிலில் அவர்க்கு ஆர்வமில்லை என்று கூற இயலாமைக்கு இப்பகுதியே சான்று. கணவாயின் மேலே கேட்ட வினாவைக் கணவாயின் கீழே அவர் கேட்கவில்லை என்பதே உண்மை. அப்பெங்களூர்ப் பகுதியிற் கூறப்படும் ஆவாரையும் கடுக்காயும், பிற்காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கடல்கடந்து சென்ற பதனிட்ட தோலுக்கும் அடிப்படையாயின என்பது ஈண்டு ஒப்பிடத்தக்கது.

மூன்றாவது, கருவியிற் கரந்துறையும் தொழில். நூலின் பின்னைய பகுதிகளில் கபிலை இறைப்பதைப் பலவிடத்தும் புக்கானன் விவரிக்கிறார். வடார்க்காட்டு மக்கள் கவலை என்று வழங்குவது இதுவே. எருதுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து நீர் மேலேறும். அந்நீரைச் சுமந்து வருவது தோலாற் செய்த பை. பை இருந்தால் அதனைத் தைத்தவர் இருந்தார். தைத்தவர் இருந்தால் தோலைப் பதப்படுத்தியவரும் இருந்தார். எருதுக்கு எவ்வளவு செலவு, நாளொன்றுக்கு எவ்வளவு நீர் என்று கணக்கிடும் பயணி, பை செய்தவரைத் தேடவில்லை. வேளாண்மை என்னும் தலைப்பின்கீழ் வந்த பொருளில் கைத்தொழில் மறைந்துவிட்டது.

தமிழிலக்கியத்தை அறிந்தார்க்கு இத்தொழிலின் தொன்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கட்டிலுக்கு வார் பிணிப்போன் கையூசியின் விரைவைப் போர்விரைவுக்கு உவமையாக்கியது புறநானூறு. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளருள் தோல் வினைஞரையும் எண்ணியது சிலப்பதிகாரம். இவ்விரண்டு நூல்களும் பாலாற்றைப் பற்றியன அல்ல. ஆதலின் இவற்றைக் கொண்டு ஆம்பூரின் பழமையை நிறுவுதல் கூடாது. தோல்வேலை தமிழூர்களின் பொதுவாழ்வில் ஓர் உறுப்பாக இருந்தது என்ற அளவுக்கே இவை சான்றாகும்.

எனினும் எதிர்த்திசையில் அளவு கடந்து செல்வதும் தவறு. ஊர்தோறும் நிகழ்ந்த தோல்வேலை வேறு. ஏற்றுமதிக்கெனப் பெருந்தொகையாகப் பதனிடும் தொழிற்கூடம் வேறு. பின்னது 1800இல் ஆம்பூரில் இருந்ததற்குச் சான்றில்லை. 1815இல் வால்ட்டர் ஆமில்ட்டன் முந்தைய பயணிகளின் குறிப்புகளைக் கொண்டு தொகுத்த திணைக்களஞ்சியம், ஆம்பூரைச் சீராகக் கட்டப்பட்ட ஊர் என்றும், உழைப்பாளிகளாகிய அவ்வூர் மக்கள் ஆமணக்கெண்ணெய் எடுத்து வெளியூர்க்கு அனுப்புவர் என்றும் கூறுகிறது. அந்நாளில் ஆம்பூரின் பெயர் எண்ணெயோடு சார்ந்திருந்தது, தோலோடு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முசுலிம் வணிகர் முயற்சியால் தோல் பதனிடுதல் பெருந்தொழிலாக வளர்ந்தது. மூலப்பொருளும் மரப்பட்டையும் கைத்திறனும் நாட்டில் முன்னரே இருந்தன. கடல்வாணிகமும் முதலும் அவற்றை ஒருங்கே கூட்டின. புக்கானன் கண்டது அக்கூட்டுறவிற்கு முந்திய நாட்டை.

6. கேட்டவை

கண்டது, காணாதது என்னும் இரண்டிற்கும் இடையே கேட்டது என ஒன்றுண்டு. புக்கானனுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்போர் வழியாகவே அவர் வினவினார். விடையும் அவர்கள் வழியாகவே வந்தது. அரசின் ஆளாகப் பரிவாரத்தோடு வந்து நிலம், விளைச்சல், வரி ஆகியன பற்றிக் கேட்பவர்க்கு உழவன் தன் உண்மை விளைவை உரைப்பானா என்பது ஐயத்திற்குரியது. குலம், பழக்கம், சமயம் பற்றி அவர் எழுதியனவற்றுட் பல, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பற்றிக் கூறியவை. தொழிலாளியே தன் தொழிலைப் பற்றிக் கூறிய பெங்களூர்ப் பகுதி அளவும் முறையும் பொருந்த நிற்பதையும், பிறர் கூறக் கேட்டு எழுதிய பகுதிகள் தடுமாறுவதையும் ஒப்பிட்டு நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

இதனோடு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை ஒருசிறிது ஒப்பிடலாம். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியிலிருந்து எழுதிய பிள்ளையவர்கள் ஊர் சுற்றியவர் அல்லர். ஆனால் 1749 ஆகத்தில் ஆம்பூரில் நவாபு அன்வருதீன் போரில் மாண்ட காலத்துச் சூழ்ச்சிகளையும் பேச்சுகளையும் உள்ளிருந்து அறிந்தவர். அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை, அவரே துபாசி. அவர் குறிப்பில் மனிதர் பேசுகின்றனர். புக்கானன் குறிப்பில் நிலம் பேசுகிறது. மனிதரை அறியப் பிள்ளையவர்களும், நிலத்தை அறியப் புக்கானனும் நமக்குத் துணையாவர். ஒருவரிடம் மற்றவர்க்குரியதைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

7. இற்றைப் பயன்

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. புக்கானன் கண்ட மணலடி நீருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பது இப்பள்ளத்தாக்கு மக்களின் உயிர்ச்சிக்கல். இருபதாம் நூற்றாண்டில் ஆவாரைப் பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பெருமளவிற் கைக்கொண்டது. 1970களில் அரைப்பதனிட்ட தோலுக்கு மாறாக முழுதும் முடிக்கப்பட்ட தோலையே ஏற்றுமதி செய்யும் கொள்கை மேற்கொள்ளப்பட்டபின் இம்மாற்றம் விரைவுற்றது. தொழில் பல்லாயிரவர்க்கு ஊதியம் அளித்தது. அதன் கழிவுநீர் ஆற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல்தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்பதும் அதில் உறுதிப்பட்டது.

இழப்பை அளவிடுவதற்கு முன்னிலை யாது என்று அறிதல் வேண்டும். பாலாறு எக்காலத்தும் வறண்ட ஆறுதானே, அதற்கு இழப்பு ஏது என்று கூறுவார்க்கு 1800ஆம் ஆண்டுக் கோடைக்குறிப்பு விடையளிக்கிறது. மேலே வறண்டிருந்தது உண்மை. அடியில் நன்னீர் இருந்ததும், அதனைக் கொண்டு உழவு நடந்ததும் உண்மை. தோலைப் பற்றி மௌனமாக இருக்கும் அந்நாட்குறிப்பு, தோல்தொழில் எதனைத் தொட்டதோ அதனைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. ஆட்சியின் வருவாய்க்காகக் கேட்கப்பட்ட ஒரு வினாவின் விடை, இருநூறு ஆண்டுகட்குப் பின் உழவனின் முறையீட்டுக்குச் சான்றாகிறது. எழுதியவர் இதனை எண்ணியிருக்கமாட்டார்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படும். பயணியின் நாட்குறிப்பில் கண்ணாற் கண்டவை வலியுடைய சான்றுகள். காலமும் வழியும் உடன்வைத்து அவற்றைக் கொள்ளலாம். செவியாற் கேட்டவை, கூறியவர் யார் என்று அறிந்த பின்னரே கொள்ளத்தக்கவை. கூறாதவை, கேட்கும் பணி அவர்க்கு இருந்ததா என்று ஆராய்ந்தபின் அன்றி எதற்கும் சான்றாகா. புக்கானன் நாட்குறிப்பு பாலாற்றுத் தோல்தொழிலின் பிறப்பைப் பற்றி ஒன்றும் தீர்ப்பதில்லை. அத்தொழிலுக்கு முந்திய நீரைப் பற்றி மிகுதியும் கூறுகிறது.

வடார்க்காட்டுப் பகுதியைப் பற்றிய இத்தகைய குறிப்புகள் ஆங்கிலத்திற் பல உள்ளன. அவற்றைத் தமிழிற் பெயர்த்து, ஊர்ப்பெயர்களைத் திருத்தி, ஊற்றுக்கால், கவலை, ஆவாரை போன்ற நாட்டுச் சொற்களை உரிய இடத்தில் மீட்டுவைத்துப் பதிப்பித்தல் தமிழ்த்துறை ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஊற்றுக்கால் வெட்டிய கை இன்னது, அதன் ஆழம் இவ்வளவு, முறைநீர் பங்கிட்டது இவ்வாறு என்று நினைவிலிருந்து கூறவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். புக்கானன் நின்று கேளாத இடத்தில் நாமேனும் நின்று கேட்டல் வேண்டும்.